பக்கத்து இருக்கையின் பிரேக்

அத்தியாயம் 11

"பிரேக் இல்ல," என்றார் மாஸ்டர்.

"இருக்குங்க," என்றாள் மனைவி.

"மிதிச்சா அடி வரைக்கும் போகுது. பல்லு விழுந்த இடத்துல நாக்கு போய்ப் போய் வர்ற மாதிரி இருக்கு."

"இருக்குங்க. நல்லா இருக்கு. காப்பி ஆறுது பாருங்க."

சமையலறை வாசலில் நின்று தலைக்குக் கிளிப் மாட்டிக்கொண்டிருந்த மகள் சிரித்தாள். "நேத்து செருப்பு இல்லன்னீங்க, கால்லயே கிடந்துச்சு. இன்னிக்கும் பிரேக்காப்பா?"

மாஸ்டரும் சிரித்தார். எல்லோரும் சிரிக்கும்போது தானும் சேர்ந்து சிரித்துவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்பதை இந்த ஒரு வருஷத்தில் அவர் கற்றுக்கொண்டிருந்தார். ஆனால் மேசைக்கு அடியில் அவருடைய வலது கால் சிரிக்கவில்லை. அது தரையை அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தது.

அதை மனைவி பார்த்தாள். பார்த்துவிட்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்ததால் மாஸ்டர். பிறகு அதுவே பெயராகிவிட்டது. இப்போது அந்த ஸ்கூலை நடத்துவது மகள். மனைவியும் ஒரு காலத்தில் அவரிடம் படிக்க வந்தவள்தான். முன்னால் போகச் சொன்னால் கப்பல் மாதிரி போவாள், பின்னால் எடுக்கச் சொன்னால் மட்டும் வண்டி குடித்தவன் மாதிரி தள்ளாடும். 'ரிவர்ஸ்' என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தார். கல்யாணம் ஆகி, பெண் பிறந்து, பெண்ணுக்கும் முப்பது வயதாகியும் அந்தப் பெயர் போகவில்லை. தன் பெயரே சில நாள் மறந்துபோகும் மாஸ்டருக்கு, 'ரிவர்ஸ்' மட்டும் ஒருநாளும் மறந்ததில்லை.

மூளை சுருங்கிக்கொண்டே போகும் நோய் என்றார் டாக்டர். மெதுவாகப் போகும், ஆனால் திரும்பி வராது. அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்தபோது மாஸ்டர் மனைவியின் காதில், "இது முன்னால மட்டும் போற வண்டி போலிருக்கு. ரிவர்ஸ் கியரே இல்லியாம்," என்றார். அவள் சிரித்தாள். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

நாள் முழுக்க அலைக்கழியும் அந்த மனிதர் அமைதியாக இருக்கும் நேரம் ஒன்றே ஒன்றுதான். காலைக் காப்பிக்குப் பிறகு, ஸ்கூலின் பழைய சாம்பல் நிறக் காரில் மனைவி ஓட்ட, அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வருவார். ஓட்டுபவருக்கு இருப்பது போலவே அந்த இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் தடுமாறினால் கற்றுக்கொடுப்பவர் மிதிப்பதற்கு. "கண்ணாடி பாரு. தூரமா பாரு. நாய் வருது, நாய்க்கு ஹார்ன் தெரியாது, பிரேக்தான் தெரியும்." காருக்குள் அவர் ஒரு வார்த்தை தடுமாற மாட்டார்.

போன வாரம் அந்த அமைதியும் குலைந்தது. மெயின் ரோட்டில், யாருமே இல்லாத இடத்தில், "குழந்தை" என்று கத்திக்கொண்டு மாஸ்டர் தன் பிரேக்கை மிதித்துவிட்டார். பின்னால் வந்த லாரி ஒரு முழம் தள்ளி நின்றது.

அன்றைக்கே மகள் கறாராகச் சொன்னாள்: "இனிமே அப்பா கார்ல ஏறக் கூடாது. அவரைப் பாத்துக்க ஒரு இல்லம் பாத்திருக்கேன். நல்ல இடம், தோட்டம் இருக்கு. ரூம் காலியானதும் கூப்பிடுவாங்க."

"காரை நிறுத்தினா அவர் நின்னுடுவாருடி," என்றாள் அம்மா. "மெயின் ரோடு போக மாட்டேன். மெதுவா போறேன். என்னை நம்பு."

மகள் அரை மனதாகத் தலையாட்டினாள்.

மகளுக்குச் சொல்லாத ஒன்றை அம்மா மறுநாள் செய்தாள். மெக்கானிக்கை வரவழைத்து, பக்கத்து இருக்கை பிரேக்கின் இணைப்புக் கம்பியைக் கழற்றச் சொன்னாள். பெடல் அங்கேயே இருக்கும். மிதித்தால் போகும், வரும். வண்டி நிற்காது.

"அக்கா, பாப்பாகிட்ட மறக்காம சொல்லிடுங்க," என்றான் மெக்கானிக்.

"சொல்றேன்," என்றாள்.

சொன்னால் என்ன பதில் வரும் என்று தெரியும். 'உனக்கே அவர்மேல நம்பிக்கை இல்ல, அப்புறம் எதுக்கும்மா இந்தப் பிடிவாதம்?' நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினாள். மகள் ஸ்கூலுக்குப் புதுக் காரைத்தானே எடுக்கிறாள், பழையதைத் தொடுவதே இல்லையே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ஆனால் அந்தப் பிரேக்கைத் தொடுகிறவர் ஒருவர் இருந்தார். அன்றிலிருந்து தினமும் மாஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தார், பிரேக் இல்லை என்று. தினமும் அவள் பதில் சொன்னாள், இருக்குங்க, நல்லா இருக்கு என்று.

முந்தாநாள் அவர் கையில் டார்ச்சும் ஸ்பானருமாகக் காருக்குள் குனிந்து பெடலடியில் எதையோ தேடிக்கொண்டிருந்ததை மகளும் பார்த்தாள். "அதையெல்லாம் நோண்டாதீங்கப்பா," என்று ஸ்பானரைப் பிடுங்கி வைத்தாள்.

*

அன்று காலை, காப்பி முடிந்து கார் உலாவுக்குக் கிளம்புவதற்கு முன்பே இல்லத்திலிருந்து ஃபோன் வந்தது. ரூம் காலியாகியிருக்கிறது. சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும். இல்லையென்றால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"சரின்னு சொல்லட்டுமாம்மா?"

"சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்குல்ல."

"நீ போன வாரமும் இப்படித்தான் தள்ளிப்போட்ட." மகள் பையைத் தோளில் மாட்டினாள். "எனக்கு மட்டும் ஆசையா? நேத்து என்னைப் பாத்து 'அட்மிஷனுக்கு வந்தீங்களா மேடம்'னு கேட்டாரு. வாங்க உக்காருங்கன்னு நாற்காலி வேற இழுத்துப் போட்டாரு."

அம்மா மாஸ்டரைக் குளிக்க வைக்க அழைத்துப் போனாள். அது சின்ன வேலை இல்லை. தண்ணீர் என்றால் இப்போதெல்லாம் அவருக்கு பயம். பேச்சுக் கொடுத்து, முதுகில் மட்டும் முதலில் ஊற்றி, கொஞ்சிக் கெஞ்சித் துடைத்து, சட்டை பட்டனைப் போட்டு முடித்து வெளியே வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஃபோனைப் பார்த்தாள். மகளிடமிருந்து ஒரு செய்தி.

'என் வண்டி ஸ்டார்ட் ஆகல. பழசை எடுத்துட்டுப் போறேன். புது ஆளுக்கு முதல் கிளாஸ்.'

பழசு. பிரேக் கம்பி கழற்றிய வண்டி.

கூப்பிட்டாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. எடுக்க மாட்டாள். பாடம் நடக்கும்போது ஃபோன் டிக்கியில் இருக்க வேண்டும் என்பது மாஸ்டர் போட்ட விதி. மகள் ஒருநாளும் அதை மீறியதில்லை.

"என்னங்க," என்றாள். குரலை அடக்கிக்கொண்டு கேட்டாள். "முதல் கிளாஸுக்கு வர்றவங்கள எங்க கூட்டிட்டுப் போவீங்க?"

மாஸ்டரின் முகம் தெளிந்தது. "முதல் கிளாஸா? கிடங்கு ரோடு. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் புல்லு. பதறினா புல்லுப் பக்கம் திருப்புன்னு முதல்லயே சொல்லிடணும்."

கிடங்கு ரோடு நடந்து போகும் தூரம்தான். அவரைத் தனியாக விட்டுப் போக முடியாது. கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.

அவள் ஓடினாள், அவர் நடந்தார். ஒவ்வொரு முனையிலும் நின்றார். இந்தப் பக்கம் பார்த்து, அந்தப் பக்கம் பார்த்து, மறுபடி இந்தப் பக்கம் பார்த்து, பிறகுதான் கால் எடுத்து வைத்தார். சிக்னலில் சிவப்பு எரிந்தது. சாலையில் ஈ காக்கை இல்லை.

"வாங்க, வண்டியே வரல."

"சிவப்பு."

"அவசரம்ங்க."

"அவசரப்பட்டவங்க எல்லாம் எங்க இருக்காங்க தெரியுமா ரிவர்ஸ்?" என்றார் அவர், வகுப்பில் சொல்வது போலவே. "ஆஸ்பத்திரியில."

பச்சை விழும்வரை அந்த வெற்றுச் சாலையின் ஓரத்தில் அவள் நின்றாள். தன் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான சிவப்பை அவள் பார்த்ததில்லை.

*

கிடங்குச் சுவர் ரோட்டுக்குக் குறுக்கே திரும்பும் முனையில் கார் மூக்கை இடித்துக்கொண்டு நின்றிருந்தது. இரண்டு சக்கரங்கள் புல்லில் இருந்தன.

கற்றுக்கொள்ள வந்த பல் டாக்டர் உதட்டில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை அழுத்தியிருக்கிறார். முதல் நாளில் எல்லோரும் செய்கிற தப்பு. அதற்காகத்தான் பக்கத்து இருக்கையில் ஒரு பிரேக் இருக்கிறது.

மகள் இடது கையை வலது கையால் தாங்கியபடி நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "மிதிச்சேன்மா. அடி வரைக்கும் மிதிச்சேன். ஒண்ணுமே இல்ல. ஸ்டீயரிங்கைப் பிடிச்சுப் புல்லுப் பக்கம் இழுத்தேன். இல்லன்னா நேரா சுவர்தான்."

மாஸ்டர் யாரையும் கவனிக்கவில்லை. நேராகப் போய்ப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். காலை வைத்து அழுத்தினார். எடுத்தார். மறுபடி அழுத்தினார்.

"பிரேக் இல்ல," என்றார். "சொன்னேனே."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள்.

*

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு எலும்பில் விரிசல் என்றார்கள். கட்டுப் போட வேண்டும். ஆறு வாரம் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது.

நீளமான பெஞ்சில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வலி ஊசி போட்ட பிறகு மகள் கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கண்ணைத் திறந்தாள்.

"அப்பா. முந்தாநாள் ஸ்பானரை வச்சுக்கிட்டு என்ன பண்ணீங்க?"

மாஸ்டர் அவளைப் பார்த்தார்.

"கார்ல பெடலுக்குக் கீழ. டார்ச் அடிச்சுக்கிட்டு. எதையாவது கழட்டினீங்களா?"

"ஸ்பானரா?"

"ஞாபகப்படுத்திப் பாருங்கப்பா. கோவமா கேக்கல."

மாஸ்டர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். கை என்ன செய்தது என்று கையிடமே கேட்பது போலிருந்தது. உள்ளே எங்கெங்கோ போய்த் தேடினார். ஸ்பானர் கிடைத்தது, டார்ச் வெளிச்சம் கிடைத்தது, நடுவில் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தக் காலி இடத்தில் மகள் வைத்த பதில் மட்டும் இருந்தது.

"கழட்டியிருப்பேன்," என்றார். "நான்தான் கழட்டியிருப்பேன்மா. ஞாபகம் இல்ல." மகளின் வீங்கிய கையைப் பார்த்தார். "உனக்கு அடிபட்டுடுச்சே."

மனைவி வாயைத் திறந்தாள். 'இல்லங்க, நான்தான்.' சொல்ல மூச்சு இழுக்கிற நேரம்கூட ஆகியிருக்காது. அதற்குள் நர்ஸ் வந்து, "கட்டுப் போட உள்ள வாங்க," என்று மகளைக் கூட்டிப் போய்விட்டாள்.

நர்ஸ் வந்ததால்தான் சொல்ல முடியவில்லை என்று அன்று முழுக்க அவளால் நினைத்துக்கொள்ள முடிந்திருக்கும். ஆனால் அவளுக்குத் தெரியும். நர்ஸின் செருப்புச் சத்தம் கேட்டதும் அவளுக்குள் ஏதோ ஒன்று 'அப்பாடா' என்றது.

உள்ளே மகள் இருந்த நேரம் முழுவதும் மாஸ்டர் மனைவி பக்கம் திரும்பித் திரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். "ரொம்ப அடியா? நான் ஏன் கழட்டினேன் ரிவர்ஸ்? நான் அப்படிப் பண்ண மாட்டேனே. பிரேக்கைக் கழட்டுவானா எவனாவது?"

*

வீட்டுக்கு வந்ததும் மகள் சோஃபாவில் சாய்ந்தாள். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்திருந்தாள். அம்மா அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

மாஸ்டர் உட்காரவில்லை. நின்றுகொண்டே சட்டைப் பையைத் துழாவினார். பழைய காரின் இன்னொரு சாவி எப்போதும் அந்தப் பையில் இருக்கும். சட்டை மாற்றும்போது அதை எடுத்து அடுத்த சட்டையில் போடாவிட்டால் கையைக்கூட நுழைக்க விடமாட்டார். தூங்கும்போதும் அது தலையணைக்கு அடியில்தான் இருக்கும்.

அந்தச் சாவியை எடுத்து மகளின் மடியில் வைத்தார்.

"இனிமே நான் கார்ல ஏறல," என்றார். "எனக்குப் புத்தி சரியில்ல. நீ பத்திரமா வச்சுக்க."

அம்மா கையிலிருந்த தண்ணீர் டம்ளரை மேசையில் வைத்தாள்.

"அவர் கழட்டல," என்றாள்.

மகள் நிமிர்ந்தாள்.

"நான்தான். லாரி வந்து நின்ன மறுநாள் மெக்கானிக்கை வரச்சொல்லி நான்தான் கழட்டச் சொன்னேன். அவர் மறுபடி மிதிச்சுடக் கூடாதேன்னு. உன்கிட்ட சொல்லச் சொன்னான். சொல்லல. சொன்னா கார்ல போறதே வேண்டாம்ப, இல்லத்துக்கு அனுப்பிடுவ. அதான்."

மகள் மடியிலிருந்த சாவியைப் பார்த்தாள்.

கத்துவாள் என்று அம்மா எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகள் மெதுவாகத்தான் பேசினாள்.

"தினமும் சொன்னாரும்மா. காப்பி குடிக்கிறப்ப எல்லாம் சொன்னாரு."

"ஆமா."

"அவர் சொன்னதுல நிஜமா இருந்தது அது ஒண்ணுதான். அதைப்போய் நீ பக்கத்துல நின்னு பொய்னு சாதிச்சியே. நானும் சேந்து சிரிச்சேனே. செருப்பு, பிரேக்குன்னு."

"தப்புதான்டி."

"என் கை போகட்டும். எலும்பு கூடிடும். அவர் கால் சொன்னதை அவரே நம்ப முடியாம பண்ணிட்டியேம்மா." மகள் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கப் போனாள், கட்டுப் போட்ட கை. மற்றக் கையால் துடைத்தாள். "இன்னொண்ணு. கட்டுப் போடுறப்பவே இல்லத்துக்கு ஃபோன் பண்ணிட்டேன். சரின்னு சொல்லிட்டேன்."

"ஐயோ. வேண்டாம்னு சொல்லிடு. இப்பதான் தெரிஞ்சுடுச்சே, அவர் மேல தப்பில்லன்னு."

"தப்பு அவர் மேல இல்ல, சரி. ஆனா என் கையை வச்சுக்கிட்டு ஸ்கூலை யார் பாக்கறது? நீ அவரை விட்டு நகர முடியுமா? ராத்திரி கதவைத் திறந்துட்டு வெளிய போறாரே, அது பொய்யா?" மேசைமேல் இருந்த ஃபோனைக் காட்டினாள். "உறுதிப்படுத்த அவங்களே கூப்பிடறேன்னாங்க. எதைச் சொல்றதுன்னு எனக்கே தெரியலம்மா."

அம்மா போய் மாஸ்டரின் முன்னால் நின்றாள். தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து, தானும் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். மகளிடம் சொல்லியாயிற்று. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

"என்னங்க. என்னைப் பாருங்க. நீங்க எதையும் கழட்டல. பிரேக் இல்லன்னு நீங்க சொன்னது நிஜம். கழட்டினது நான். அப்புறம் இருக்குன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன். தினமும் சொன்னேன்."

மாஸ்டர் கவனமாகக் கேட்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினார். முகத்தில் ஏதோ இறுக்கம் தளர்ந்தது போலிருந்தது.

"புரிஞ்சுதாங்க?"

"புரிஞ்சுது," என்றார்.

கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய கார் நிற்கும் இடம் காலியாக இருந்தது. தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. பிறகு அவர் பார்வை திரும்பி, மகளின் கையிலிருந்த வெள்ளைக் கட்டின்மேல் வந்து நின்றது. முகம் மறுபடி சுருங்கியது. எழுந்து போய் மகளின் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய நல்ல கையைத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார்.

"என்னாலதானே," என்றார். "நான்தான் எதையோ கழட்டிட்டேன். மன்னிச்சுக்கம்மா."

சொன்ன உண்மை ஒரு ஜன்னல் பார்வை நேரம்கூட அவருக்குள் தங்கவில்லை. தானாகச் சுமந்த பழி மட்டும் நன்றாக உட்கார்ந்துவிட்டது.

"இல்லப்பா," என்றாள் மகள். "உங்க தப்பு இல்ல."

"பின்ன யாரு?"

"நான்தாங்க," என்றாள் மனைவி, தரையில் உட்கார்ந்தபடியே. "இப்பதானே சொன்னேன். நான்தான் கழட்டினேன்."

மாஸ்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. காப்பி நேரத்துச் சிரிப்பு இல்லை, தப்பிப்பதற்கான சிரிப்பு இல்லை. முன்பு ஒரு பெண் வண்டியைப் பின்னால் எடுத்துக் கிடங்குச் சுவரில் உரசியபோது சிரித்த அதே சிரிப்பு.

"நீயா? உனக்கு ரிவர்ஸே வராது. நீ எங்க பிரேக்கைக் கழட்டப் போற."

பிறகு மகளின் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நம்பாத. என்னைக் காப்பாத்தணும்னு பழியைத் தூக்கித் தன் தலைல போட்டுக்கறா. உங்கம்மா பொய் சொல்ல மாட்டா. எனக்காக மட்டும்தான் சொல்லுவா."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

மேசைமேல் மகளின் ஃபோன் அதிர ஆரம்பித்தது. திரையில் இல்லத்தின் எண். மகளுக்கு ஒரு கைதான் இருந்தது. அதை அப்பா விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஃபோன் அம்மாவுக்குக் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது.